நோட்டீஸில் போட்ட பெயர்

சேலம், குகை
9-1-1934

நாகலூர் எஸ்டேட் ரைட்டர் வீட்டு அம்மா காளியாயி அவர்களுக்கு,

அருக்காணி எழுதுவது. என்னை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் மேல் கோபம்தான் இருக்கும். காலஞ்சென்ற உங்கள் அக்கா அம்மாபேட்டை சௌந்தரவல்லியின் பெயரில் இரண்டு வருஷமாக நாடகம் ஆடிக்கொண்டிருப்பவள் நான்தான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இந்த யோசனை நாடகக் காண்ட்ராக்டர் கருப்பண்ணனுடையது. "அருக்காணின்னு நோட்டீசு அடிச்சா ஆடு மேய்க்கறவன்கூட திரும்பிப் பாக்க மாட்டான். செத்தவ பேருக்கு இன்னும் கூட்டம் இருக்குது" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, வீட்டில் அடுப்பு எரியவில்லை. சரி என்றேன்.

கூட்டம் வருகிறது. ஆனால் எதற்கு வருகிறது என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் அக்கா வாந்திபேதியில் போனது பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தேதான் வருகிறார்கள். நாடகம் முடிந்து இறங்கினால் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார்கள். தரையில் படுகிறதா என்று. போன வாரம் ஒரு கிழவர் மல்லிகைச் சரத்தை நீட்டி, "போன தடவை கேட்டியே, அப்ப குடுக்க முடியலை" என்றார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

உங்களைத் தொந்தரவு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஸ்பெஷல் நாடகத் தொழிலில் எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ராஜா வேஷம் போடும் ராஜபார்ட் ஒரு ஊர், நான் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் முதல்முதலாகப் பார்த்துக்கொள்கிறோம். தர்க்கத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டு என்னை மடக்கிச் சிரிக்கிறார்கள், தொண்டை பாதியிலேயே கட்டிக்கொள்கிறது. உங்கள் அக்கா எப்படிச் சமாளித்தார்? வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பாரே. ஆர்மோனியம் செங்கோடன் அண்ணன்தான் இந்த முகவரியைக் கொடுத்து, சௌந்தரவல்லியின் தங்கை ஏற்காட்டு மலைமேல் இருப்பதாகச் சொன்னார். கொடுத்த கையோடு எழுந்து போய்விட்டார்.

பதில் போடாவிட்டாலும் தப்பில்லை.

இப்படிக்கு,
அருக்காணி


நாகலூர்
21-1-1934

அருக்காணிக்கு,

உங்கள் கடிதம் எஸ்டேட் தபால் பையில் வந்தது. பையைத் திறப்பவர் எஸ்டேட் கணக்கு எழுதும் என் வீட்டுக்காரர். "சேலத்துல உனக்கு யாரு?" என்று கேட்டபடி பிரிக்காமல் கொடுத்தார். உறவுக்காரப் பெண் என்று சொல்லிவைத்தேன். இனி எழுதுவதானால் நாகலூர் கடைக்காரர் சின்னத்தம்பி மேற்பார்வை என்று போடுங்கள். கண்டிப்பாக எழுத வேண்டும் என்றும் இல்லை.

எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

அக்கா சொன்னவற்றில் நினைவிருப்பதை எழுதுகிறேன். தொண்டைக்குப் பால் வேண்டாம், அது கபத்தைக் கட்டும். பாடுவதற்கு முன்னால் வெறும் வெந்நீர் போதும். ராஜபார்ட்டைச் சாயங்காலமே போய்ப் பார்த்து, ஒரு காபி வாங்கிக் கொடுத்து, தர்க்கத்தில் என்ன கேட்கப்போகிறார் என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் சொல்லிவிடுவார்கள். அவருடைய சொந்த ஊராக இருந்தால் அன்றைக்கு அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

வேஷத் துணி உங்களுடையதாக இருக்கட்டும். காண்ட்ராக்டர் தரும் புடவையைக் கட்டினால் அவர் சொல்லும் இடத்திலெல்லாம் நிற்க வேண்டிவரும். அவர் வீட்டில் தங்காதீர்கள். தங்குகிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்த பிறகு பெட்டியை இறக்குங்கள். ஒப்பந்தத்தில் போவதற்கு மட்டும் ரயில் சார்ஜ் என்று எழுதுவார்கள், வருவதற்கும் எழுதச் சொல்லுங்கள். வருகிற சார்ஜ் எழுதாததால் ஊர் திரும்பாமலே போன பெண்கள் உண்டு.

ஆர்மோனியக்காரரை மேடையில் எதிர்த்துப் பேசக்கூடாது. சுருதி தாங்கவில்லையென்றால், பாட்டின் இடையில் திரும்பும்போது இடது குதிகாலால் பலகையை இரண்டு தரம் தட்டுங்கள். செங்கோடன் அரைக் கட்டை இறக்கிவிடுவார். சபைக்குத் தெரியாது.

இங்கே காபிப் பழம் எடுக்கும் வேலை முடியும் சமயம். வேறு விசேஷமில்லை.

காளியாயி


சேலம், குகை
6-2-1934

அம்மாவுக்கு,

காபி யோசனை பலித்தது. கரூர்க்கார ராஜபார்ட் ஒருத்தர் தன் கேள்விகளைச் சொன்னதோடு நிற்காமல் பதில்களையும் சொல்லிக்கொடுத்தார். "நல்லா மடக்கற மாதிரி நடிம்மா, எனக்கும் அதுதான் மருவாதி" என்றார். சிரித்து மாளவில்லை. தாழ்ப்பாள் பார்க்கிறேன் என்று பெட்டியோடு வாசலில் நின்றதில் காண்ட்ராக்டர் முகம் சுருங்கியது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் குதிகால் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை குறத்தி வேஷம். இரண்டாம் பாட்டிலேயே மூச்சு முட்டியது. நீங்கள் சொன்னபடி திரும்பும்போது இரண்டு தரம் தட்டினேன். ஆர்மோனியம் நின்றுவிட்டது. முழுசாக நின்றது. சபை "என்னாச்சு, என்னாச்சு" என்று எழுந்தது. நான் பாட்டை வசனமாக்கிப் பேசி ஒப்பேற்றினேன். செங்கோடன் அண்ணன் கட்டையின் மேல் விரலை வைத்தபடி என் காலையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் மெல்ல, அரைக் கட்டை இறக்கி ஆரம்பித்தார்.

பிறகு என்னிடம் வந்து, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். நாகலூர் அம்மா என்றேன். "தங்கச்சி சொல்லுச்சா?" என்று கேட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு சேதி. கருப்பண்ணன் கொழும்பில் மூன்று வருஷத்துக்குக் கொட்டகை பேசியிருக்கிறார். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வைகாசி இருபதுக்குள் என்கிறார். போடலாமா? தொழிலில் இதைவிடப் பெரிய வாய்ப்பு எனக்கு இனி வரப்போவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அருக்காணி


நாகலூர்
14-2-1934

அருக்காணிக்கு,

குதிகால் விஷயத்தை எழுதியிருக்கக் கூடாது. என் தவறு. செங்கோடனிடம் என்னைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பேப்பரை வாங்கி, காண்ட்ராக்டர் எதிரில் இல்லாத இடத்தில் வைத்துப் படியுங்கள். "சௌந்தரவல்லி என்கிற அருக்காணி" என்று இருக்கிறதா, வெறும் சௌந்தரவல்லி என்று இருக்கிறதா? காய்ச்சல் வந்தால் உங்கள் வேஷத்தை யார் போடுவது என்று எழுதியிருக்கிறதா? இறந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது, எந்தப் பெயரைச் சொல்லி அனுப்புவது என்று எழுதியிருக்கிறதா? அபசகுனம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதை எழுதாதவரை பேனாவைத் தொட வேண்டாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

காளியாயி


சேலம், குகை
25-2-1934

அக்கா,

இனி உங்களை அப்படித்தான் கூப்பிடுவேன். சௌந்தரவல்லிக்குத் தங்கையே கிடையாது. அம்மாபேட்டைக்குப் போய் விசாரித்தேன். ஒரே பெண், தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டேன். காளியாயி என்றார்கள்.

நான் படித்தவள் இல்லைதான். ஆனால் தங்கைக்குச் சொன்ன கதை எது, தன் காலால் தட்டித் தெரிந்துகொண்டது எது என்றுகூடத் தெரியாதா?

செங்கோடன் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "உசுரோட இருக்குது. அதுக்கு மேல கேக்காத சாமி, நானே சொல்ல மாட்டாம கெடக்கறேன்" என்று அழுகிறார்.

இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் உங்களுக்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டிருக்கிறேன். அரிதாரம் பூசும்போது கண்ணாடியில் என் பின்னால் நீங்கள் நிற்பதாக நினைத்துப் பயந்திருக்கிறேன். நீங்கள் மலைமேல் சோறாக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கோபமா, சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

பேப்பரைப் படித்தேன். வெறும் சௌந்தரவல்லி என்றுதான் இருக்கிறது. காய்ச்சலும் சாவும் அதில் இல்லை. நீங்கள் உயிரோடு இருந்தால் அங்கே செத்தது யார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் கையெழுத்துப் போட முடியுமா? சொல்லுங்கள்.

அருக்காணி


நாகலூர்
11-3-1934

அருக்காணி,

மூன்று தரம் எழுதி அடுப்பில் போட்டேன். இது நாலாவது.

மழை பெய்து காபி பூத்திருக்கிறது. தோட்டம் முழுக்க வெள்ளை. பூவின் வாசனை பகலிலும் தலையைச் சுற்றவைக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அழகு. எனக்கு ஒவ்வொரு வருஷமும் இந்தப் பத்து நாள் முகத்துப் பவுடர் நினைவுதான் வருகிறது.

அவள் பெயர் மருதாயி. எனக்குத் தோழி வேஷம் போட்டவள். இந்த மலையில் மாரமங்கலத்துப் பெண். ஒரு திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்டு, அவள் தாயை நேரில் பார்க்காமலே நான்தான் அழைத்துப் போனேன். பத்தொன்பது வயசு. மேடையில் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவாள், சபையும் சேர்ந்து சிரிக்கும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், மாசியில், காவேரிக்கரையில் ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தோம். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நாடகத்தை நிறுத்தச் சொல்லலாம் என்றால், நம் தொழில் உனக்குத் தெரியும். நோட்டீஸில் பெயர் வந்துவிட்டால் அந்தப் பெயர் மேடையில் நின்றாக வேண்டும். கருப்பண்ணன் அறை வாசலில் நின்று, "பேரு போட்டாச்சு, ஆளு வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மருதாயிக்குத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்தும், "நீ போ கண்ணு, என் துணியைக் கட்டிக்க. தூரத்துல யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். ராணி வேஷம் முதல் தடவை.

தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் போய்விட்டாள். காது ஓரத்தில் அரிதாரம் அப்படியே இருந்தது. கருப்பண்ணன் அதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டார். கிராம முன்சீப் சாவு எழுதும் ஏட்டோடு வந்து, நாங்கள் சொல்வதற்கு முன்பே சௌந்தரவல்லி என்று எழுதிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

என் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அந்த மூன்று வருஷத்தை நினைத்தேன். "தோழி வேஷக்காரிங்க" என்றேன்.

அருக்காணி, நான் சொன்ன வசனங்களில் அதுதான் சிறியது. அதற்குப் பிறகு வேறு வசனம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மருதாயியின் தாயிடம் சொல்லத்தான் செங்கோடனும் நானும் மலையேறினோம். பாதியில் எனக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லைனில் பழம் பறிக்கும் பெண்கள் என்னை வைத்துப் பார்த்தார்கள். ரைட்டர் பொன்னுவேல் மருந்து கொண்டுவந்தார். செங்கோடன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மாரமங்கலம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம், பிறகு அடுத்த மாதம். பிறகு ரைட்டர் என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் தாயின் பெயர் வீராயி. ஞாயிறுதோறும் ஏற்காட்டுச் சந்தைக்கு மிளகும் சாமையும் சுமந்துகொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறாள். தண்ணீர் கேட்பாள், கொடுப்பேன். "நீ சேலத்துக்காரிதானே கண்ணு? எம்புள்ள அங்க நாடகத்துல இருக்கறா. யாராச்சும் பாத்தாச் சொல்லச் சொல்லு" என்பாள். சரிங்க என்பேன். ஐந்து வருஷம், எல்லா ஞாயிறும். மழைக்காலத்தில் அவள் வராத வாரங்களிலும் அந்த நேரத்துக்கு நான் செம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்கிறேன்.

நீ போட்டுக்கொண்டிருப்பது என் பெயர் இல்லை. அதற்கு அடியில் மருதாயி கிடக்கிறாள். கையெழுத்துப் போடாதே.

காளியாயி


சேலம், குகை
20-3-1934

அக்கா,

படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இனி ஊதுவத்தி மருதாயிக்கு.

நீங்கள் கையெழுத்துப் போடாதே என்கிறீர்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள்! உங்களுக்கு ரைட்டர் இருக்கிறார். எனக்கு யார்? கையெழுத்துப் போடாவிட்டால், "செத்தவ பேர்ல ஏமாத்தினவ"ன்னு ஜில்லா முழுக்க நோட்டீசு ஒட்டுவேன் என்று கருப்பண்ணன் இப்போதே சொல்கிறார். பெயரை வைத்தது அவர், ஏமாற்றியது நானாம். என் சொந்தப் பெயரில் ஒரு ஊரும் என்னைக் கூப்பிடாது.

கொழும்பில் நான் வாந்தி எடுத்துச் செத்தால் செத்தது யார்? ஏற்கனவே செத்தவள். எழுதிக்கொள்ளக்கூட மாட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் நோட்டீஸில் அதே பெயர் இருக்கும்.

ஒரே வழிதான் தெரிகிறது. நீங்கள் உயிரோடு இருப்பதாக, செத்தது மருதாயி என்று, உங்கள் கையால் கருப்பண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். செங்கோடன் அண்ணன் சாட்சி சொல்வார். பெயருக்கு உரிய ஆள் உயிரோடு இருந்தால் அந்தப் பெயரை அவர் விற்க முடியாது. என்னையும் மிரட்ட முடியாது.

எழுதினால் உங்களுக்கு என்னவெல்லாம் வரும் என்று தெரியும். பழைய ஒப்பந்தம் வரலாம், ரைட்டர் கோபம் வரலாம். தெரிந்துதான் கேட்கிறேன். என்னிடம் நீங்கள் தாழ்ப்பாளையும் ரயில் சார்ஜையும் பற்றி எவ்வளவோ சொன்னீர்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் நோட்டீஸில் பேர் போட்டால் ஆள் வர வேண்டும் என்றும் நீங்கள்தானே எழுதினீர்கள்? உங்கள் பேர்தானே அங்கே போட்டிருக்கிறது? வாருங்கள்.

அருக்காணி


சேலம், குகை
10-5-1934

அக்கா,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

வீராயி மலையிலிருந்து நடந்தே இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். காலை எட்டு மணி. முதுகில் மூட்டை. சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சௌந்தரவல்லி திரும்பி வந்து ஆடுகிறாள் என்று. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை அக்கா, கண்ணைத்தான் பார்த்தாள்.

"நீதானே எம்புள்ளையக் கூட்டிட்டுப் போனவ? எங்க உட்டுட்டு வந்த?" என்றாள்.

நான் அவள் இல்லை ஆத்தா, என் பேர் அருக்காணி என்றேன்.

"பேரு செவுத்துல ஒட்டியிருக்குதே. படிக்கறவங்களக் கேட்டுத்தான் வந்தேன்."

"அது பொய்ப் பேருங்க."

"செத்துப் போன நீயே திரும்பி வந்துட்ட. அவ செத்தான்னு யாரும் சொல்லலை. உசுரோட இருக்கறவளுக்கு வர்றதுக்கு என்ன கேடு? எம்மேல கோவமா அவளுக்கு? அதையாச்சும் சொல்லு."

மூட்டையை அவிழ்த்து ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வைத்தாள். "அவளுக்குக் குடுத்துரு" என்றாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. அது என் வாயிலிருந்து வரக்கூடாது. அவள் போன பிறகு அந்தப் பழத்தைத் தொட முடியவில்லை. இன்னும் அங்கேயே இருக்கிறது.

வைகாசி இருபதுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

அருக்காணி


நாகலூர்
24-5-1934

அருக்காணி,

சொல்லிவிட்டேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வீராயி வருஷம் தவறாமல் வருவாள். மகள் திரும்ப வர வேண்டும் என்று வேண்டுதல். உன் கடிதம் வந்த பிறகு அவள் தண்ணீர் கேட்டு வரட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. மலையுச்சிக்குப் போனேன். குகைக் கோயிலுக்குள் கூட்டம். குனிந்து உள்ளே போனவர்கள் குனிந்தபடியே வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பனி இறங்கியிருந்ததால் ஆட்கள் கிட்ட வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. வருகிற ஒவ்வொரு முகமும் மருதாயியாக இருந்துவிடக் கூடாதா என்று நானும் நின்றேன். பிறகு வீராயி வந்தாள்.

"சேலத்துக்காரியா? நீயும் கும்புட வந்தியா கண்ணு?"

பாறையோரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், என் துணி, நான் போகச் சொன்னது, முன்சீப் கேட்டது, நான் சொன்ன பதில். ஒன்றையும் குறைக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அவளத் தூக்கிட்டுப் போறப்ப யாராச்சும் அழுதாங்களா?" என்று கேட்டாள்.

"ஊரே அழுதுச்சுங்க."

"என்ன பேரச் சொல்லி அழுதாங்க?"

"எம் பேரைச் சொல்லி."

தலையை ஆட்டினாள். "அப்ப எம்புள்ளைக்கு இன்னும் யாரும் அழுவலை" என்றாள்.

பிறகு முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு, அந்தத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில், மருதாயி, மருதாயி என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். யார் செத்தது என்று பெண்கள் கேட்டார்கள். மாரமங்கலத்து மருதாயி என்று நான்தான் சொன்னேன். அவளைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். தெரியாதவர்களும் உட்கார்ந்தார்கள். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். வீராயி என்னைக் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ரைட்டரிடமும் சொன்னேன். "அஞ்சு வருசமா ஒரு நாடகக்காரிகூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன், ஒரு பாட்டுக்கூடக் கேக்கலையே" என்றார். சிரிக்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. நாலு நாளாக ஆபீஸிலேயே சாப்பிடுகிறார். தபால் பையைத் திறந்து, "உனக்கு ஒண்ணுமில்ல" என்பதை மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அது எதில் முடியும் என்று எனக்குத் தெரியாது.

கருப்பண்ணனுக்குக் கடிதம் இதோடு இருக்கிறது. செங்கோடன் எதிரில் படித்துக் காட்டு. அம்மாபேட்டை சௌந்தரவல்லியான நான் உயிரோடு நாகலூரில் இருக்கிறேன், ஐந்து வருஷத்துக்கு முன் மாசியில் இறந்தவள் மாரமங்கலம் வீராயி மகள் மருதாயி, என் பெயரில் இனி யாரும் ஆடச் சம்மதமில்லை என்று எழுதியிருக்கிறேன். பழைய மூன்று வருஷம் வேண்டுமானால் இங்கே வந்து கேட்கட்டும். முன்சீப்புக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அந்த ஏட்டில் பெயரைத் திருத்துவார்களா என்று தெரியவில்லை.

ஞாயிறன்று வீராயி எங்கள் வாசல் வழியாகத்தான் போனாள். தண்ணீர் கேட்கவில்லை.

காளியாயி


சேலம், குகை
17-6-1934

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கருப்பண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். செங்கோடன் அண்ணன் பக்கத்தில் நின்று, "அத்தனையும் நெசம். நாந்தான் மலைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். கருப்பண்ணன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"செத்தவங்க கடுதாசி போடறாங்களா? பேஷ்! இதையே நோட்டீசு அடிச்சா கொழும்புல இன்னும் ஆயிரம் பேரு வருவானே!"

நான் கையெழுத்துப் போடவில்லை. பேப்பரை அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். செங்கோடன் அண்ணன் ஆர்மோனியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். சொன்னபடி என்னைப் பற்றி நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் பேசிவைத்திருந்த மூன்று ஊர்களில் இரண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஓமலூர்ப் பக்கம் ஒரு ஊர் மட்டும் அருக்காணி என்றே போட ஒத்துக்கொண்டது. மிளகளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். தொண்டை கட்டவில்லை. இறங்கி வந்தபோது யாரும் என் காலைப் பார்க்கவில்லை. ஒரு அம்மா மட்டும் கிட்ட வந்து, "நீ யாரு பொண்ணு கண்ணு?" என்று கேட்டாள். அம்மா பேரைச் சொன்னேன்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கடிதமாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலை ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். கொழும்புக்குப் புறப்பட்ட கருப்பண்ணனும் அவர் ஆட்களும் ரயிலில் இருந்தார்கள். பெண்கள் பெட்டியின் ஜன்னலில் ஒரு பெண். பதினாறு இருக்கும். புதுப் புடவை, காண்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கிட்டே போனேன்.

"பேரென்ன சாமி?"

"சௌந்தரவல்லிங்க" என்றாள். பெருமையாகச் சொன்னாள் அக்கா.

"அது இல்ல. ஊட்டுல கூப்படற பேரு."

கருப்பண்ணன் இருந்த அடுத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அதை இனிமே யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. நொம்ப ராசியான பேராம் இது."

வருவதற்கு ரயில் சார்ஜ் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கூடவே கொஞ்ச தூரம் ஓடினேன். கை ஆட்டுகிறேன் என்று நினைத்து அவளும் கை ஆட்டினாள்.

கொழும்புக் கொட்டகை விலாசம் செங்கோடன் அண்ணனிடம் இருக்கிறது. உங்கள் கடிதங்களில் உள்ள எல்லா யோசனைகளையும் வீட்டுக்கு வந்து இரவு வரை உட்கார்ந்து பிரதி எடுத்தேன். வெந்நீரிலிருந்து, செத்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பது வரை. மருதாயி கதையையும் சேர்த்தேன். உறையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. மேலே எழுத வேண்டியது பெயர் ஒன்றுதான். அவளுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. சௌந்தரவல்லி என்று எழுதினால்தான் கடிதம் அவள் கைக்குப் போகும். எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எனக்குக் கை வரவில்லை.

உறையை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களால் எழுத முடிந்தால் எழுதித் தபாலில் சேருங்கள்.

அருக்காணி